வண்டி ரவுட்டருக்கு வெளி ஆன்டெனா: பல மழையும் வெயிலும் கண்ட பிறகு

வண்டிக்குள் சிம் ரவுட்டர் வைத்தால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரும்புத் தகடுதான். சிக்னல் வர எஞ்சியிருக்கும் வழி கண்ணாடி. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த வழியும் பாதி அடைபடும். அதனால்தான் ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றுகிறோம். வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணை (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டும் என்பதன் அளவு). வருடக்கணக்கில் வண்டியில் ஓடிய பிறகு, தரத்தைத் தீர்மானிப்பது கேபிளின் நீளமும் வகையும் இரு நுனிகளும்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த காந்த ஆன்டெனாக்களில் வரும் மெல்லிய கேபிள் பெரும்பாலும் ஆர்ஜி-174. 1800 மெகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டிபியை (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) தின்றுவிடும். 5 மீட்டர் ஓடினால் 7.5 டிபி போச்சு. 5 டிபிஐ என்று போட்ட ஆன்டெனாவின் ஆதாயம் முழுவதும் கரைந்து கடனில் நிற்கும். ஒவ்வொரு 3 டிபிக்கும் சிக்னலின் சக்தி பாதியாகிறது என்பதை மறக்க வேண்டாம். அதே நீளத்துக்கு இழப்பு குறைந்த எல்எம்ஆர்-195 வகைக் கேபிள் போட்டால் இழப்பு இரண்டரை டிபி அளவில் நிற்கும், எல்எம்ஆர்-240 போட்டால் இரண்டுக்கும் கீழே. 5ஜி ஓடும் 3500 மெகாஹெர்ட்ஸில் எல்லாக் கேபிளிலும் இழப்பு இன்னும் கூடும். ஆகவே ரவுட்டரை ஆன்டெனாவுக்குக் கீழேயே, 2 மீட்டருக்குள் பொருத்துங்கள். நீட்ட வேண்டுமானால் கரன்ட் வயரையும் ஈதர்நெட் கேபிளையும் நீட்டுங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைப்பதும் இழப்புதான். கனெக்டரை ஒழுங்காகக் கிரிம்ப் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து வெட்டிக் குறைத்துவிடலாம்.

இனி ஆன்டெனா. ஓடும் வண்டிக்குத் திசை ஆன்டெனா உதவாது. எல்லாத் திசையிலும் வாங்கும் ஆன்டெனாதான் சரி. அதிலும் 8, 9 டிபிஐ குச்சிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றின் வீச்சு தோசைக்கல் போலத் தட்டையாக விரியும். மலைப் பாதையில் வண்டி சாய்ந்தாலோ டவர் உயரத்தில் இருந்தாலோ சிக்னல் அந்தத் தட்டுக்கு வெளியே போய்விடும். 3 முதல் 5 டிபிஐ போதும். எந்த அலைவரிசை வரை வேலை செய்யும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். 2700 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் பழைய வகைகளை 5ஜி ரவுட்டரில் மாட்டினால் 3300 முதல் 3800 வரையுள்ள பட்டையில் ஏமாற்றம்தான்.

ரவுட்டரில் செல்லுலார் போர்ட் எத்தனையோ அத்தனை ஆன்டெனா முனை (கேபிளும் கனெக்டரும்) வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மெயின் என்று குறித்த போர்ட்டில் மாட்டுங்கள். இரண்டு போர்ட் கொண்ட சாதாரண 4ஜி ரவுட்டர்களில் அனுப்பும் வேலை அதன் வழியேதான் நடக்கும். ஒரே குமிழுக்குள் இரண்டு, நான்கு ஆன்டெனாக்களை அடக்கியிருப்பது பார்க்க அழகு, பொருத்தவும் ஒரே துளை. ஆனால் 700 – 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 33 முதல் 43 செ.மீ. வரை இருக்கும். கைப்பிடி அளவு குமிழுக்குள் நெருங்கி நிற்கும் ஆன்டெனாக்கள் அந்தப் பட்டையில் ஒன்றைப் போலவே மற்றொன்றும் கேட்கும்; இரண்டு வைத்த பலன் குறையும். கிராமப்புறத்தில் அதிகம் ஓடும் வண்டிக்கு, அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு தனி ஆன்டெனா வைப்பதே எங்கள் தேர்வு.

கூரை எதனால் ஆனது என்பதும் முக்கியம். காந்த வகையும் பல துளை வகைகளும் கீழே இரும்புத் தகடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டவை. ஃபைபர் கூரையில் அவற்றை அப்படியே வைத்தால் கீழ்ப்பட்டைகள் (குறைந்த அலைவரிசைகள்) படுத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 11 செ.மீ.; அதனால் 30 செ.மீ. சதுர அலுமினியத் தகட்டை உள்ளே ஒட்டி அதன் நடுவில் பொருத்தலாம். அல்லது தகடு தேவையில்லாத வகையாகப் பார்த்து வாங்கலாம்.

ஐந்து முனை கொண்ட கூட்டு ஆன்டெனாவில் இரண்டு முனை வைஃபைக்கு. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு வைஃபை தருவதற்காகக் கூரைக்கு வெளியே ஆன்டெனா வைப்பது வீண் செலவு; அதே இரும்புக் கூரை இப்போது உங்களுக்கு எதிராக நிற்கும். ரவுட்டரோடு வந்த சின்னக் குச்சிகளே உள்ளுக்குப் போதும். வண்டிக்கு வெளியே வைஃபை தேவைப்படுகிறவர்கள் மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள்.

கனெக்டரில் ஒரு பொறி உண்டு. செல்லுலாருக்கு எஸ்எம்ஏ, வைஃபைக்கு ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் தப்பான ஜோடியில் நடு இணைப்பு சரியாகச் சேராது. மரை ஏறிவிட்டது, சிக்னல் மட்டும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஜிபிஎஸ் முனையும் எஸ்எம்ஏதான். அந்த முனைக்குள் ஒரு பெருக்கி உண்டு; அதை ஓட்ட ரவுட்டரின் ஜிபிஎஸ் போர்ட் 3 முதல் 5 வோல்ட் வெளியே தரும். ஜிபிஎஸ் முனையைச் செல்லுலார் போர்ட்டில் மாட்டினால், அந்தப் போர்ட் அனுப்பும் சக்தியில் பெருக்கி கருகக்கூடும். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு முனையிலும் வண்ண டேப் சுற்றிவிடுங்கள்.

துளை போடும் முன் ஆன்டெனாவை டேப்பால் கூரையில் ஒட்டி, கேபிளை ஜன்னல் வழியே இறக்கிச் சோதியுங்கள். வேகச் சோதனையை நம்ப வேண்டாம். டவரில் கூட்டம் ஏறி இறங்கினால் அது மாறும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில் திறப்பது) ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு எதிரே சிக்னலின் தெளிவு) இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே பட்டையில், பத்து நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்ஆர்பி -110 டிபிஎம்மிலிருந்து -100க்கு வந்தால் பத்து மடங்கு சக்தி. எஸ்ஐஎன்ஆர் 13க்கு மேல் நின்றால் நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேகம் வராது. பலமான சிக்னல் உள்ள ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் வித்தியாசம் சொற்பம் என்று இந்தச் சோதனையில் தெரிந்தால், கூரையைத் துளைக்காமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

துளைக்கும் இடத்தை உள்ளிருந்து முடிவு செய்யுங்கள். கூரையின் உள் துணியை இறக்கி, குறுக்குச் சட்டம், விளக்கு வயர், சன்ரூஃபின் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகே மேலே புள்ளி வையுங்கள். மேலே டேப் ஒட்டி, 3 மி.மீ. துளையில் தொடங்கி, படிப்படியாக விரியும் ஸ்டெப் பிட்டால் ஆன்டெனாவோடு வந்த குறிப்புத் தாள் சொல்லும் அளவுக்குக் கொண்டுபோங்கள். இரும்புத் தூளை உடனே உறிஞ்சி எடுங்கள். ஓரிரவுப் பனியில் அது பெயின்ட்டில் துருப்புள்ளியாகிவிடும். ஓரத்தை அரத்தால் தேய்த்து, துருத் தடுப்பு ப்ரைமர் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஆன்டெனாவின் மின் இணைப்புக்குக் கூரைத் தகட்டோடு நேரடித் தொடுதல் வேண்டுமென்று தாளில் இருந்தால் வாஷர் உட்காரும் உள்பக்க வளையத்தை மட்டும் பெயின்ட் இல்லாமல் விடுங்கள். சிலிக்கோன் போடுவதானால் புளிப்பு வாடை வராத வகையாக வாங்குங்கள். வினிகர் வாடை அடிப்பது உலோகத்தை அரிக்கும். ஒட்டும் வகை ஆன்டெனா என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து அழுத்தி ஒட்டி, மூன்று நாள் நெடுஞ்சாலை வேகமும் பிரஷ் வாஷும் வேண்டாம்.

கேபிளைக் கண்ணாடி ஓரத் தூண் வழியே இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக்கின் (ஜன்னலுக்கு மேலே மடித்து வைத்திருக்கும் காற்றுப்பை) முன்பக்கமாகவோ மேலாகவோ கொண்டுபோகவே கூடாது. அதன் பின்னால், இருக்கும் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இதில் சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ரவுட்டர் முனையில் எஸ்எம்ஏவைக் கையால் இறுக்கி, 8 மி.மீ. ஸ்பேனரால் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும். கனெக்டரிலிருந்து 10 செ.மீ.க்குள் கேபிளை ஏதாவது உறுதியான இடத்தில் கட்டிவிடுங்கள். தொங்கும் கேபிளின் எடையும் அதிர்வும் சேர்ந்து போர்ட்டின் சால்டரை உடைத்த ரவுட்டர்கள் உண்டு.

இக்னிஷன் வயர் (சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருவது) இணைக்காமல் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் அரை ஆம்பியர் இழுக்கும் ரவுட்டர் நிறுத்திய வண்டியில் இரண்டு நாளில் 24 ஆம்பியர்-மணி குடித்துவிடும்.

வருடங்கள் போகப் போகச் சிக்னல் மெதுவாகக் குறைவது பெரும்பாலும் தண்ணீரால். ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, ஈரம் கேபிளின் பின்னலுக்குள் ஏறும். மேல்பட்டைகள்தான் முதலில் தளரும். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஷார்ட் காட்டுகிறது என்று ஆன்டெனாவைத் தூக்கி எறிய வேண்டாம். பல ஆன்டெனாக்களில் நடு ஊசியும் உடலும் வேண்டுமென்றே இணைந்திருக்கும். போர்ட் வாரியாக ஆர்எஸ்ஆர்பி காட்டும் ரவுட்டரில் இரண்டு எண்களும் சில டிபி வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று 15 டிபி கீழே விழுந்திருந்தால் ரவுட்டரை அணைத்து, இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறை முனையோடு சேர்ந்து அடுத்த போர்ட்டுக்கு நகர்ந்தால் கேபிளோ ஆன்டெனாவோ கெட்டிருக்கிறது. அதே போர்ட்டில் நின்றால் ரவுட்டரைத் திறக்க வேண்டியதுதான்.