பதக்கப் பட்டியலில் ரேவதி இல்லை: ஆட்ட முடிவுச் சேவைகள் ஒரு மதிப்பீடு

சக்கிமங்கலத்து ஓட்ட வீராங்கனை ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் என்ன செய்தார்? ஒரு முடிவுத் தளத்திடம் மதுரைக்காரர் வைக்கக்கூடிய நியாயமான பரீட்சை இந்த ஒற்றைக் கேள்விதான். சரியான விடை: 2021 ஜூலை 30, 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம், இரண்டாவது ஹீட் (தகுதிச் சுற்று ஓட்டம்). முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி, ஹீட்டில் எட்டாவது இடம். இறுதிக்குப் போகவில்லை. ஆனால் அணிக்கு அந்த ஆண்டின் சிறந்த நேரம் அதுதான். இதில் எத்தனை விவரம் கிடைக்கிறது, எத்தனை தட்டலில் கிடைக்கிறது என்று பார்த்தால் தளத்தின் தரம் தெரிந்துவிடும்.

செய்திச் செயலிகளின் முகப்பில் வரும் பதக்கப் பெட்டி இந்தப் பரீட்சையில் முட்டை. அதில் பதக்கம் உண்டு, ஆட்கள் இல்லை. பதக்கத்தையாவது ஒழுங்காகச் சொல்கிறதா என்றால் அதுவும் அரைகுறை. டோக்கியோவில் இந்தியாவுக்கு 7 பதக்கம், 48ஆவது இடம். பாரிஸில் 6 பதக்கம், 71ஆவது இடம். ஒரு பதக்கம் குறைந்ததற்கு 23 படி சறுக்கலா என்று டீக்கடையில் கேட்பவர் மேல் தப்பில்லை. பட்டியல் முதலில் தங்கத்தைத்தான் எண்ணும். டோக்கியோவில் நீரஜ் சோப்ராவின் ஒரு தங்கம் இருந்தது, பாரிஸில் 1 வெள்ளியும் 5 வெண்கலமும்தான். அதே பாரிஸில் ஆறு நான்காம் இடங்கள். மீராபாய் சானு தூக்கியது மொத்தம் 199 கிலோ, வெண்கலம் போனது 200 கிலோவுக்கு. அந்த ஒரு கிலோவைக் காட்டாத பெட்டியைப் பார்த்து "ஒண்ணும் தேறலை" என்று முடிவு கட்டுவது, மார்க் ஷீட்டில் ரேங்க் மட்டும் பார்ப்பது மாதிரி.

ஒலிம்பிக்ஸ்.காம் தளத்தின் முடிவுப் பகுதி இதைவிடப் பல மடங்கு மேல். போட்டியின் பெயர், பிறகு விளையாட்டு, பிறகு பிரிவு, பிறகு சுற்று என்று உள்ளே போனால் ஹீட் வரிசை வரை கிடைக்கும். கட்டணம் இல்லை. தமிழ் கிடையாது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை பெயர்த் தேடல். அங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்கோ இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அதனால் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாரா உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் உலகம் முழுக்க "தங்கவேலு" ஆனது அப்படித்தான். மேசைப்பந்து வீரர் சரத் கமலைத் தேட "அசந்தா" என்று போட வேண்டும், சத்தியனைத் தேட "ஞானசேகரன்". ஆகவே பெயரில் தேடாமல் பிரிவில் தேடுவது நல்லது. நாட்டுச் சுருக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஐ.என்.டி. என்றால் இந்தியா, ஐ.என்.ஏ. என்றால் இந்தோனேசியா. அடுத்தடுத்த வரியில் வரும்போது கண் தவறும், ஆசிய ஆட்டத்தின் பாட்மிண்டன் பக்கத்தில் குறிப்பாக.

ஆண்டு இன்னொரு பொறி. டோக்கியோ 2020 நடந்தது 2021இல். ஹாங்சோ 2022 ஆசிய ஆட்டம் நடந்தது 2023இல். காது கேளாதோருக்கான 2021 டெஃப்லிம்பிக்ஸ் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்தது 2022 மே மாதத்தில். மூன்றுமே கொரோனாவால் தள்ளிப்போனவை, மூன்றும் பழைய ஆண்டின் பெயரையே சுமக்கின்றன. நடந்த ஆண்டைப் போட்டுத் தேடினால் வேறு போட்டிகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

இனி, எந்தச் சேவையை நம்புவது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம்: முடிவு மாறும். எல்லைக்கோட்டைத் தாண்டிய வரிசையே கடைசி வரிசை இல்லை. ஹாங்சோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா நால்வரும் 3:14.34இல் தேசியச் சாதனையோடு மூன்றாவதாக வந்தார்கள். இரண்டாவது வந்த இலங்கை அணி லேன் மீறலுக்காக (தன் ஓடுபாதையை விட்டு விலகியதற்காக) நீக்கப்பட்டதும் வெண்கலம் வெள்ளியானது. 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜோதி யாராஜிக்கும் அதே கதை: சீன வீராங்கனையின் தவறான தொடக்கம் பிறகு தீர்ப்பாகி, 12.91இல் ஓடிய ஜோதிக்கு வெள்ளி. டோக்கியோவில் ரேவதி ஓடிய அதே பிரிவின் முதல் ஹீட்டில் அமெரிக்காவும் டொமினிகன் குடியரசும் நீக்கப்பட்டு, மேல்முறையீட்டில் திரும்பி வந்து, இறுதியில் பதக்கமும் வாங்கிப் போயின. நேரலையை ஓட்டம் முடிந்ததும் அணைத்தவர் கையில் இருப்பது பாதி முடிவுதான்.

மணிக்கணக்கில் மாறுவது இப்படி என்றால், வருடக்கணக்கில் மாறுவதும் உண்டு. ஜகார்த்தா 2018 ஆசிய ஆட்டம் முடிந்த அன்று இந்தியாவின் கணக்கு 15 தங்கம், 24 வெள்ளி, 30 வெண்கலம், ஆக 69. பஹ்ரைனின் கெமி அடெகோயா ஊக்கமருந்தில் மாட்டியதும் கலப்புத் தொடர் ஓட்டத்தின் வெள்ளி தங்கமானது. அவர் ஜெயித்த 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவது வந்த அனு ராகவனுக்கு வெண்கலம் வந்தது. இப்போது கணக்கு 16, 23, 31, ஆக 70. அந்தத் தொடர் ஓட்டத்தில் ஓடிய ஆரோக்கிய ராஜீவ் லால்குடிக்காரர். அவர் பெயருக்கு நேரே இன்னும் வெள்ளி என்று காட்டும் பக்கம் 2018இல் எழுதி அப்படியே விட்ட பக்கம். ஒரு தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இந்த 69, 70 சோதனை போதும். பொது அறிவு வினாத்தாள் தயாரிப்பவர்களும் இதைச் செய்தால் புண்ணியம்.

நீக்கப்பட்டவருக்கு எதிரே காரணம் போடுகிறதா என்பதும் பார்க்க வேண்டும். நல்ல தடகள முடிவுத் தாளில் டி.கியூ. (தகுதி நீக்கம்) என்ற எழுத்தோடு விதி எண்ணும் இருக்கும்: 16.8 என்றால் தவறான தொடக்கம், 17.3 என்றால் லேன் மீறல், 24.7 என்றால் பேட்டன் (தொடர் ஓட்டக் குச்சி) மாற்றும் எல்லைக்கு வெளியே கை மாறியது. 4×400இல் அந்த எல்லை 20 மீட்டர், 4×100இல் 30 மீட்டர். எண் இல்லாத டி.கியூ. பயிற்சியாளருக்கு எந்தப் பயனும் தராது. பெரிய கியூ இடத்தால் தகுதி, சின்ன கியூ நேரத்தால் தகுதி. பி.பி. வாழ்நாளில் சிறந்தது, என்.ஆர். தேசியச் சாதனை. எஸ்.பி. என்றால் அந்தப் பருவத்தில் சிறந்தது, காவல்துறையோடு சம்பந்தமில்லை.

வெண்கலத்தை எண்ணும்போது போட்டிக்குப் போட்டி கணக்கு மாறும். ஆசிய ஆட்டத்தில் பாட்மிண்டன் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். ஹாங்சோவில் பிரணாய் வாங்கியது அது. ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்குத் தனி ஆட்டம். பாரிஸில் லக்‌ஷயா சென் தோற்றது அதில். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடும் பட்டியலைத் தள்ளிவைக்கலாம்.

ஹாங்சோவின் 107ஐ (28 தங்கம், 38 வெள்ளி, 41 வெண்கலம்) மாநிலவாரியாகப் பிரித்துத் தரும் வாட்ஸ்அப் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அணிப் போட்டிக்கு நாட்டுக் கணக்கில் ஒரு பதக்கம்தான், ஆடியவர் எத்தனை பேராக இருந்தாலும். அந்தக் கலப்புத் தொடர் ஓட்ட வெள்ளியில் வித்யா, ராஜேஷ், சுபா மூவரும் தமிழ்நாடு. அட்டை போடுபவர் அதை மூன்றாக எண்ணுவார், நாட்டுப் பட்டியலோ ஒன்றாக எண்ணும். எல்லா மாநில எண்ணிக்கையையும் கூட்டினால் 107ஐத் தாண்டிவிடும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் தலையையும் பதக்கத்தையும் கலந்து எண்ணியது.

நேரலைச் செயலிகளைப் பொறுத்தவரை உரிமை போட்டிக்குப் போட்டி கை மாறும். டோக்கியோவும் ஹாங்சோவும் சோனியிடம், பாரிஸ் ஜியோசினிமாவில் இலவசமாக. ஆகவே பழைய சந்தாவை நம்பி இருக்காமல் தொடக்க விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உரிமை யாரிடம் என்று பார்த்து, ஒரு மாதச் சந்தா மட்டும் எடுப்பது சிக்கனம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் முழு நாள் பார்க்க முடியாது. சாதாரணத் தரத்திலேயே மணிக்கு அரை ஜிபிக்கு மேல் தின்னும். படம் உண்மை நேரத்துக்கு அரை நிமிடமாவது பின்னால் ஓடும். பக்கத்தில் முடிவுப் பக்கத்தைத் திறந்து வைத்தால் ஓட்டம் முடியும் முன்பே முடிவு தெரிந்து சுவாரஸ்யம் போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

கடிகாரக் கணக்கும் கையில் இருக்கட்டும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி முன்னால். ஐச்சி-நகோயா ஆசிய ஆட்டத்தில் (2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4) அங்கே காலை 10 மணி என்றால் மதுரையில் 6.30, அங்கே இரவு 8 என்றால் இங்கே மாலை 4.30, பள்ளி விட்டு வந்து பார்க்கத் தோதான நேரம். கிளாஸ்கோ காமன்வெல்த் (2026 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2) நாலரை மணி பின்னால். அங்கே இரவு 8 நமக்கு நள்ளிரவு 12.30. கிளாஸ்கோ எண்ணிக்கையைப் பர்மிங்ஹாம் 2022இன் 61 பதக்கத்தோடு ஒப்பிடும் பட்டியல் எதுவும் செல்லாது. விளையாட்டுகளைப் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். மல்யுத்தம், பாட்மிண்டன், ஹாக்கி, மேசைப்பந்து இல்லை. பர்மிங்ஹாமில் மல்யுத்தத்தில் மட்டும் 12 பதக்கம், அதில் 6 தங்கம்.

தடகளத்துக்கு மட்டும் என்றால் உலகத் தடகள அமைப்பின் தளமே முதல் தேர்வு. ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பக்கம், ஆண்டுவாரியாக நேரங்கள். மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடும் பி.டி. சார்களுக்கு இதுதான் கைப்பொருள். ஆனால் தொடர் ஓட்டத்தில் ஒரு எச்சரிக்கை: இரண்டாவது முதல் நான்காவது ஆள் வரை ஓடிக்கொண்டேதான் பேட்டனை வாங்குவார்கள், துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. அதனால் அவர்களின் தனி நேரம் அவர்களே தனியாக 400 ஓடும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தொடர் ஓட்ட நேரத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு இலக்கு வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒலிம்பீடியா, வரலாற்று ஆய்வாளர்கள் நடத்தும் தளம். பளபளப்பு இல்லை. ரேவதி கேள்விக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. ஒலிம்பிக் மட்டுமே அதன் பலம். ஆசிய ஆட்டப் பதக்கம் வீரரின் பக்கத்தில் சின்னக் குறிப்பாகத்தான் வரும்.

எல்லாச் சேவையும் தோற்கும் இடம் டெஃப்லிம்பிக்ஸ். காஷியாஸ் டோ சுலில் இந்தியாவுக்கு 8 தங்கம். அதில் மூன்றில் மதுரை பாட்மிண்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா இருக்கிறார்: ஒற்றையர், அபினவ் சர்மாவோடு கலப்பு இரட்டையர், அணிப் பிரிவு. 2022க்கான அர்ஜுனா விருதும் வந்தது. ஒலிம்பிக்ஸ்.காமில் தேடினால் கிடைக்காது. டெஃப்லிம்பிக்ஸ் குழுவின் தனித் தளத்துக்குத்தான் போக வேண்டும். பெயர் அங்கேயும் தந்தை பெயரான ஜெயரட்சகனோடு சேர்ந்தே இருக்கும். பாராலிம்பிக்ஸும் இதுவும் ஒன்று என்று நினைத்து, பாரிஸ் பாராலிம்பிக்ஸின் 29 பதக்கத்துக்குள் இவரைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி ஆண்டு, தனித்தனி பட்டியல்.

கடைசியாக, சேமிப்பு. ஏற்பாட்டுக் குழுக்கள் தங்கள் தளத்தைச் சில ஆண்டுகளில் மூடிவிடுவது வழக்கம். சேமித்த இணைப்பு வெறும் பக்கத்தில் போய் நிற்கும். முடிவு உறுதியான மறுநாள், பக்கத்தை பி.டி.எஃப். ஆக எடுத்து, கோப்பின் பெயரில் போட்டி, பிரிவு, சுற்று, எடுத்த தேதி நான்கையும் எழுதி வையுங்கள். பள்ளி அறிவிப்புப் பலகைக்கு அச்செடுக்கும்போது இடம், பெயர், நேரம், குறிப்பு என்ற நான்கு பத்தியையும் விடாமல் எடுங்கள். பெரும்பாலான அச்சில் வெட்டுப்படுவது வலது ஓரத்தில் இருக்கும் அந்தக் குறிப்புப் பத்திதான். தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் முழுதும் அடங்கும்.