ஏ.டி.வி பேட்டரி சோதனை: மல்டிமீட்டர் போதுமா, டெஸ்டர் வேண்டுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் விடுதியில் இரண்டு ஏ.டி.வி வண்டிகளை (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பார்த்துக்கொள்கிறேன். விருந்தினர் வந்தால் தேயிலைக்குள் ஒரு சுற்று, வராத நாளில் உர மூட்டை ஏற்றும் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம்கூட நின்றுவிடும். மழை விட்டதும் வண்டியை எடுக்கப் போன பையன் திரும்பி ஓடி வருவான்: "அண்ணா, டிக் டிக்னு மட்டும்தாங்க சத்தம் வருது." இரண்டுமே சி.வி.டி வண்டிகள், அதாவது ஸ்கூட்டரைப் போல கியர் மாற்றாமல் பெல்ட்டில் ஓடுபவை. பைக்கைப் போலத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வழியில்லை. கிக்கரும் இல்லை, இழுக்கும் கயிறும் இல்லை. செல்ஃப் எடுத்தால்தான் உண்டு.

பேட்டரி வீக்கா இல்லையா என்று பார்க்க ஹைட்ரோமீட்டர், லோடு டெஸ்டர், கையடக்க டிஜிட்டல் டெஸ்டர், மல்டிமீட்டர் என நான்கையும் பயன்படுத்திவிட்டேன். இப்போது கருவிப் பெட்டியில் மேலே கிடப்பது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்தான்.

ஹைட்ரோமீட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் அது அருமையான கருவி. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும்; முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் (பேட்டரிக்குள் இருக்கும் அறை) 1.265 பக்கம் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 இறங்கினால் அந்த செல் போய்விட்டது. ஆனால் இந்த வண்டிகளில் இப்போது இருப்பது பெரும்பாலும் ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சவைத்து சீல் செய்த ஏ.ஜி.எம் பேட்டரி. அதைத் திறக்கவே கூடாது.

லோடு டெஸ்டர் முரட்டு ஆசாமி. கிளிப்பை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் 100 ஆம்பியர் இழுக்கும், பெட்டி கையில் சுடும். சி.சி.ஏ-வில் (குளிரில் ஸ்டார்ட் செய்யப் பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) பாதி லோடு, 15 விநாடி, 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கணக்கு. 200 சி.சி.ஏ பேட்டரிக்கு இது சரியாகப் பொருந்தும். அதைவிடச் சின்னதற்கு அதிகம். பேட்டரி முழு சார்ஜில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல பேட்டரியும் தோற்கும். மேட்டில் பாதி நாள் கரண்ட் இல்லாத மழைக்காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

டிஜிட்டல் டெஸ்டர் பேட்டரி கடைகளில் பார்த்திருப்பீர்கள். சி.சி.ஏ எண்ணைக் கொடுத்தால் சில விநாடியில் நல்லது, சார்ஜ் செய், மாற்று என்று திரையில் சொல்லிவிடும். பேட்டரிக்கு எந்தச் சிரமமும் இல்லை, சார்ஜ் குறைந்திருந்தாலும் ஓரளவு கணித்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சின்ன பேட்டரிகள் பலவற்றில் ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) மட்டும்தான் அச்சடித்திருக்கும், சி.சி.ஏ இருக்காது. உத்தேசமாக ஒரு எண் கொடுத்தால் பதிலும் உத்தேசம்தான். கடையில் இரண்டு முறை வைத்துப் பார்த்ததோடு சரி, நான் சொந்தமாக வாங்கவில்லை. அதனால் நாள்பட்ட உழைப்பைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல மாட்டேன்.

இனி மல்டிமீட்டர். சும்மா நிற்கும் பேட்டரியில் 12.7 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் பொய்யாக ஏற்றிக் காட்டும், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் மல்டிமீட்டரை நம்ப முடியாது என்கிறார்கள். சும்மா நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃபை அமுக்கியதும் 7-க்கு விழும் பேட்டரியை நானே பார்த்திருக்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் விஷயம்.

அதற்கு ஆள் இரண்டு பேர் வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பார்க்கிங்கில் போட்டு பிரேக்கைப் பிடித்து ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். இன்னொருவர் மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கொம்பிலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும், வயர் நுனியில் அல்ல. 9.6-க்கு மேல் நின்றால் தாங்கும். 10 டிகிரிக் குளிரில் 9.4 வரை விட்டுக்கொடுக்கலாம். எண்ணை ஒரு நோட்டில் எழுதி சீட்டுக்கு அடியில் வைக்கிறேன். அதில் பழைய வண்டிக்கான பக்கத்தில் 10.8, 10.6, 10.1 என்று இறங்கி வந்திருக்கிறது. அடுத்த மழைக்கு அது தாங்காது என்று இப்போதே தெரிகிறது.

ஆனால் நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. போன வருடம் ஒரு கடையில் "பேட்டரி போச்சு" என்றார்கள். புதிது வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் அதே இழுவை. அன்றுதான் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் முக்கி முனகிச் சுற்றுகிறது, பேட்டரியோ 11.6-இல் கெட்டியாக நிற்கிறது. அப்புறம் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 2.8 வோல்ட்! அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்குள் சேறு காய்ந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. கழற்றி எறிந்த பேட்டரி நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மற்ற மூன்று கருவிகளும் முக்கியமாகப் பேட்டரியைப் பார்ப்பவை. சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் புரளும் வண்டியில் எர்த், ரிலே, டெர்மினல் எதில் வேண்டுமானாலும் கோளாறு வரலாம். எஞ்சினை முறுக்கினால் 13.8 முதல் 14.5 வரை சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் இதே மீட்டர் காட்டிவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஆம்பியரில் வைத்து செல்ஃப் அடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபியூஸ் நொடியில் போய்விடும்.

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, டெர்மினல் எல்லாம் தேய்த்த பிறகும் 9-க்குக் கீழே விழுந்தால், மேட்டுப்பாளையம் இறங்கி டிஜிட்டல் டெஸ்டரில் ஒருமுறை காட்டுவேன். அதுவும் மாற்று என்றால்தான் புதிதுக்குக் காசு எடுப்பேன்.