கல்லாகிப்போன வால்வுக்கு ஆயத்த ரிபா கரைசல் போதுமா?

திசுவிலிருந்து புரதம் எடுக்கக் கோலாலம்பூர் ஆய்வுக்கூடங்களில் செல்லை உடைத்துப் புரதத்தைக் கரைக்கும் ஆயத்த ரிபா கரைசலை, 100 மில்லி குப்பியில், வாங்குவது வழக்கம். கல்லீரலுக்கும் வளர்ப்புச் செல்களுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணம் படிந்த மனித இதயத்தின் அயோர்ட்டா வால்வுக்கோ அது பாதி வேலைதான் செய்யும். நோயின் மறுபாதி குழாயின் அடியில் தங்கி, குப்பைக்குப் போய்விடுகிறது.

உள்ளே இருப்பது எளிய கலவை: 50 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் உப்பு, கூடவே சவ்வைக் கரைக்கும் சோப்பு வகைகளான 1% என்.பி.-40, 0.5% சோடியம் டிஆக்சிகோலேட், 0.1% எஸ்.டி.எஸ். குளிர்பெட்டியில் வைத்தால் வெள்ளையாகப் படியும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், அறை வெப்பத்தில் வைத்துக் கலக்கினால் தெளியும். புரதச் சிதைவைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப்.-ஐ மட்டும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. பி.எச். 8-இல், அறை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் சிதைந்துவிடும்.

வால்வு அறுவை அறையிலிருந்து வந்ததும் குளிர்ந்த உப்புக் கரைசலில் இரத்தம் போக அலசி, அங்கேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். மாலை நெரிசலில் ஜாலான் துன் ரசாக்கைக் கடக்க வெறும் பனிக்கட்டியை நம்ப முடியாது. உறைந்த நிலையிலேயே பொடித்து, 100 மில்லிகிராமுக்கு 1 மில்லி ரிபா ஊற்றுங்கள். கரைசல் கோழை போல இழுத்தால் அது டி.என்.ஏ.; பனியில் வைத்து, விட்டுவிட்டு ஒலியலை கொடுத்தால் இளகும். பிறகு மையவிலக்கியில் 4 டிகிரியில் 14,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள்.

மேலே நிற்கும் தெளிவில் செல்லுக்குள் இருக்கும் புரதங்களான ரன்க்ஸ்2, ஆல்ஃபா எஸ்.எம்.ஏ., விமென்டின் நன்றாகக் கிடைக்கும். இதற்கு ரிபாவைத் தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் எலும்புப் புரதங்களான ஆஸ்டியோபொன்டினும் ஆஸ்டியோகால்சினும் சுண்ணப் படிவின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பற்றிக்கொள்பவை. சுண்ணம் அதிகமான வால்வில் அவை குறைவாகத் தெரிந்தால் நோயின் தன்மை என்று எழுதிவிடாதீர்கள். கரைசல் அவற்றை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படிவை, கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணத்தைக் கரைக்கும் 0.5 மோலார் இ.டி.டி.ஏ.-வில், புரதச் சிதைவுத் தடுப்பான்களோடு, 4 டிகிரியில் ஓர் இரவு சுழல விடுங்கள். அந்தச் சாற்றை நேராக, செம்பின் நிறமாற்றத்தால் புரத அளவைக் காட்டும் பி.சி.ஏ. அளவீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், இ.டி.டி.ஏ. செம்பைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். 3 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வடிப்பானில் முதலில் கழுவுங்கள். 10 கிலோடால்டன் வடிப்பான் ஆஸ்டியோகால்சினை ஒழுகவிடும், அது 6 கிலோடால்டனைக்கூட எட்டாது. இன்னும் மிஞ்சும், சர்க்கரைச் சங்கிலிகள் கொண்ட புரதமான புரோட்டியோகிளைக்கனுக்கு 4 மோலார் குவானிடின் வேண்டும். எஸ்.டி.எஸ். பட்டால் குவானிடின் வெள்ளையாகத் திரியும், ஆகவே ஜெல்லில் ஏற்றுமுன் எத்தனாலில் புரதத்தை வீழ்த்தி எடுப்பது கட்டாயம்.

ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் பிளாட்டில் பீட்டா ஆக்டினை ஒப்பீட்டுக்கு வைப்பது இங்கே தவறு. அதுவும் ஆல்ஃபா எஸ்.எம்.ஏ.-வும் 42 கிலோடால்டனருகே ஒன்றின்மேல் ஒன்று விழும். சவ்வு முழுவதையும் பான்சோ சாயத்தில் நனைத்து மொத்தப் புரதத்தோடு ஒப்பிடுவதே நேர்மை. இரத்தம் சரியாக அலசப்படாத வால்வில் இரத்தத்து ஆன்டிபாடியான மனித ஐ.ஜி.ஜி.-யின் கனச் சங்கிலி 50 கிலோடால்டனில் தலைகாட்டி, ரன்க்ஸ்2 என்று ஏமாற்றும். மனித ஐ.ஜி.ஜி.-யோடு ஒட்டாத இரண்டாம் ஆன்டிபாடியே வாங்குங்கள்.

ரிபா குப்பியிலும் இ.டி.டி.ஏ. சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். சேர்த்த வகை முதல் சுற்றிலேயே சுண்ணத்தைக் கொஞ்சம் கரைத்து, ரிபா பங்கையும் இ.டி.டி.ஏ. பங்கையும் குழப்பிவிடும்.