ஏழு வருடம் நின்ற இன்ஜின்: எழுப்பி ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

அப்பா ஓட்டிய கார் ஷெட்டில் ஏழு வருடம் அசையாமல் கிடந்தது. நான்கு சிலிண்டர், 1.3 லிட்டர் பெட்ரோல் வண்டி. அதை எழுப்பி ஒன்றரை வருடமாகிறது, 11,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. ஸ்டார்ட் ஆன அன்றைக்கே எழுதியிருந்தால் வெற்றிக் கதையாக எழுதியிருப்பேன். அன்று வேலை பாதிகூட முடியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

புது பேட்டரி வந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை துறுதுறுத்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வழிந்து கீழே போயிருக்கும். வண்டி நின்றபோது எந்த சிலிண்டரில் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள் ஈரக்காற்று போய் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சுவரும் துருவேறி ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். மூன்றாவதை எடுக்கும்போது மரையோடு செங்கல் நிறத்தில் துருப்பொடி வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் சிரிஞ்சால் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு, துணியால் மூடி, இரண்டு நாள் அப்படியே விட்டேன். அந்த இடைவெளியில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் எலிக்கூடு! பஞ்சு, காகிதத் துண்டு, காய்ந்த புழுக்கை. ஃபில்டர் காகிதத்தையே கடித்து ஓட்டை போட்டிருந்தது. பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனையையும் இன்ஜின் உறிஞ்சியிருக்கும்.

மூன்றாம் நாள் இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க, பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டின் நுனியில் உள்ள புல்லி போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, நீளமான கைப்பிடியால் மெதுவாக இழுத்தேன். அசையவில்லை. ஏறி மிதிக்கலாமா என்று தோன்றியது. கூடாது, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு மறுநாள் வந்தேன். இந்த முறை 'கிர்ரக்' என்று ஒரு சத்தம், விரற்கடை அளவு நகர்ந்தது. பிறகு கனமாக, ஆனால் தடையில்லாமல் சுற்றியது. முழுதாக இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு சுற்றில்தான் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடும்.

பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். பிளக் இல்லாமலேயே, ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் இணைப்பையும் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடித்தேன். ஐந்தாவது முறை ஆயில் அழுத்தம் வந்து, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்தது. (பிளக் ஓட்டையிலிருந்து ஆயில் பீய்ச்சி அடிக்கும். நல்ல சட்டை வேண்டாம்.)

பெட்ரோல் விஷயத்தில் பலரும் சொல்வது, 'புதுசைக் கலந்துவிட்டால் சரியாகிவிடும்'. என் டேங்கில் இருந்தது பழுப்பு நிறத்தில் வார்னிஷ் வாடை அடித்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழையதாகும்போது பிசினும் படியும். ஒரு சொட்டு விடாமல் வடித்தேன். பம்பின் வலையில் கோந்து மாதிரி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், கலக்காமல் விட்டது சரிதான் என்று பட்டது.

நான்காவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் நீலப் புகை, மேலே வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டின் 'டக் டக்' சத்தம். சத்தம் அரை நிமிடத்தில் அடங்கியது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து முடிய கால் மணி நேரம் ஆனது.

ஒரு மடத்தனத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் ரப்பர் டைமிங் பெல்ட்டை மாற்றாமலே ஸ்டார்ட் செய்தேன். ஒரு வாரம் கழித்துக் கவரைத் திறந்தால் பல்லுக்குப் பல் வெடிப்பு. என்னுடையது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் வகை இன்ஜின். கிலோமீட்டர் குறைவுதானே என்று நினைத்தேன். ரப்பர் கிலோமீட்டர் பார்ப்பதில்லை.

அதன் பிறகு வந்த செலவெல்லாம் பெரும்பாலும் ரப்பராலும் சீலாலும் வந்ததுதான். இரண்டாம் மாதம் வாட்டர் பம்ப் சீல் ஒழுகியது. அடுத்த மாதம் ரேடியேட்டர் மேல் ஹோஸ், கிளாம்ப் இறுக்கும் இடத்தில் கீறிக்கொண்டது. ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் நடுவழியில் நின்றிருக்க மாட்டேன். டயர் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்ததும் (முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு தயாரித்த வருடம்) தூக்கிப் போட்டேன். ஹேண்ட் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருந்தது. பிரேக் ஆயில் மாற்றினேன்.

700 கிலோமீட்டரில் மேடு ஏறும்போது இழுவை விட்டுப்போனது. இன்ஜின் போச்சு என்றே நினைத்தேன். டேங்கில் மிச்சமிருந்த பிசின் ஃபியூல் ஃபில்டரை அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இரும்பு என்னை ஏமாற்றவில்லை. ஆரம்பத்தில் மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், 120 பிஎஸ்ஐ, மற்ற மூன்றும் 165 பக்கம். 2,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மூன்றாவது 150-ஐத் தொட்டது. ஒட்டியிருந்த ரிங் ஓட ஓட விடுபட்டிருக்க வேண்டும். 500 கிலோமீட்டரிலேயே ஆயிலை மறுபடி மாற்றினேன். வடித்தது கன்னங்கரேலென்று இருந்தது, உள்ளே இருந்த கசடையெல்லாம் கழுவிக்கொண்டு வந்திருந்தது.

இன்னும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை வருகிறது. வால்வு சீல் இறுகிப்போனதன் அடையாளம். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி ஆயில் குடிக்கிறது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பார்க்கிறேன். வண்டிக்கு வேலை இல்லாத வாரத்திலும் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வருகிறேன். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் சூடேறாது, உள்ளே கோத்த ஈரம் அப்படியே தங்கிவிடும்.