எங்கள் ஏரியா மக்கள் மருந்தகம்: சர்க்கரை மாத்திரைக்கு நம்பிப் போகலாம்

மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கும் வீடு என்றால், பக்கத்தில் இருக்கும் மக்கள் மருந்தகத்துக்கு, அதாவது குறைந்த விலையில் மருந்து விற்கும் மத்திய அரசுத் திட்டத்தின் (ஜன் ஔஷதி) கடைக்கு, ஒருமுறை போய்ப் பாருங்கள். மதுரையில் எங்கள் ஏரியா கடையில்தான் இப்போது அப்பாவுக்கு வாங்குகிறேன்.

சின்னக் கடைதான். ஆனால் கவுண்டரில் இருக்கும் பார்மசிஸ்ட் பெண்ணுக்கு நல்ல பொறுமை. சீட்டோடு அப்பாவின் பழைய மாத்திரை அட்டையையும் நீட்டினேன். அதைத் திருப்பி, "இதுதான் அக்கா மருந்து, சிட்டாக்ளிப்டின் 50. இன்னொண்ணு கம்பெனி வச்ச பேரு" என்று விரல் வைத்துக் காட்டினார். அப்புறம் தங்கள் அட்டையைப் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி எல்லாவற்றையும் என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். எந்த மருந்துக் கடையிலும் எனக்கு இப்படி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்த மருந்தின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. செப்டம்பரிலேயே மக்கள் மருந்தகங்களில் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்துவிட்டது. அப்போது பிராண்டுகளில் விலை இதைவிட மிக அதிகம்.

"இவ்வளவு கம்மியா இருக்கே, கேக்குமா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. ஆனால் நம் நாட்டில் பெரிய பிராண்ட் என்று வாங்குவதில் பெரும்பாலானவையும் ஜெனரிக்தான். அதாவது, காப்புரிமை முடிந்த மருந்தைப் பல கம்பெனிகளும் தயாரித்து, ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். டாக்டர்களைப் பார்க்க வரும் கம்பெனி ரெப்புகளின் (விற்பனைப் பிரதிநிதிகளின்) செலவும் அந்த விலையில்தான் ஏறுகிறது. மக்கள் மருந்தகத்துக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கடைக்கு வருகிறது. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றினோம். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு, இதையே தொடரச் சொன்னார்.

எல்லா மருந்தும் கிடைக்கும் என்று போகாதீர்கள். இரண்டு மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த சில கூட்டு மாத்திரைகள் இவர்கள் பட்டியலிலேயே இல்லை. போன் செய்து கேட்டுக்கொண்டு, கையிருப்பு தீரும் முன்பே போவது நல்லது.

டாக்டர்கள் ஜெனரிக் பெயரில்தான், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில்தான், எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. அதே மாதமே நிறுத்தியும் வைத்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம். அதனால் எங்கள் டாக்டரிடம் நாங்களே கேட்டோம். பிராண்டுக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரையும் தெளிவாக எழுதித் தருகிறார். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.