பீட்டர்ஸ்பர்க் பட்டறையா, மாஸ்கோ வகுப்பறையா?

ருஷ்ய ஓவியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மலிவு விலையில் கிடைத்த சோவியத் புத்தகங்களின் படங்கள்தான். அந்தப் படங்களுக்குப் பின்னால் மரத்தைச் செதுக்கி மை தடவி அச்சிடும் ஒரு பெரிய பரம்பரை இருக்கிறது. அதில் நுழைய இரண்டு முக்கிய வாசல்கள் இருந்தன. ஒன்று, பீட்டர்ஸ்பர்கில் வசீலி மாத்தேயின் பட்டறை. இன்னொன்று, மாஸ்கோவில் விளதீமிர் ஃபவோர்ஸ்கியின் வகுப்பு. எந்த வாசல் நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஃபவோர்ஸ்கி என்பார்கள். நான் கொஞ்சம் யோசிப்பேன்.

மாத்தே பழைய காலத்து ஆள். அடுத்தவர் தீட்டிய ஓவியத்தை மரத்தில் ‘பெயர்த்து’ எழுதுவதுதான் அவர் கற்ற தொழில். அதற்குப் பலகையை நீளவாக்கில் அறுக்கக்கூடாது, குறுக்காக வெட்ட வேண்டும். குறுக்குவெட்டில் நார் எதிர்க்காது என்பதால் உளி எந்தப் பக்கமும் ஓடும். மயிரிழைக் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டால் சாம்பல் நிறத்தின் அத்தனை சாயல்களும் வந்துவிடும். பத்திரிகைகளுக்கு இது தேவைப்பட்டது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைப்பட முறையில் தயாரான உலோக அச்சு பிளாக்குகள் வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டன. ஆக, மாத்தே சொல்லிக்கொடுத்தது செத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலை.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஆன்னா ஒஸ்த்ரோவுமோவா-லெபெதெவா. முதலில் ஷ்டீக்லிட்ஸ் பள்ளி, பிறகு 1892 முதல் கலை அகாதெமி. அங்கே ருஷ்ய ஓவியர் ரேப்பினிடமும் படித்தார். நடுவில் பாரிஸ் போய் அமெரிக்க ஓவியர் விஸ்லரின் கூடத்தில் சில மாதங்கள் இருந்தார். ஓவியராக வேண்டியவர்தான், ஆனால் எண்ணெய் வண்ணத்தின் வாடை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மரமும் நீர்வண்ணமும்தான் மிச்சம். ஜப்பானிய அச்சோவியங்களையும் பழைய இத்தாலிய வண்ண மரச்செதுக்குகளையும் உட்கார்ந்து பார்த்து, மாத்தே கற்பித்த ஆயிரம் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பத்துக் கோடுகளில் நிறுத்தினார். 1900-இல் அகாதெமியை விட்டு வெளியே வந்தது மரச்செதுக்குகளைக் காட்டித்தான்.

1908-இல் அவர் செதுக்கிய ஒரு படத்தைப் பாருங்கள். பங்குச்சந்தைக் கட்டடத்தின் தடித்த தூண்கள் முன்னால் நிற்கின்றன, அவற்றின் இடைவெளியில் நேவா நதி. தூணின் கனத்தைக் காட்ட நிழலைக் கோடு கோடாக அடுக்கவில்லை. ஒரு பட்டை இருட்டு, பக்கத்தில் காகிதத்தின் வெளிச்சம், அவ்வளவுதான். எங்கே செதுக்காமல் விட வேண்டும் என்று தெரிந்தவரின் படம் அது.

அதே மாத்தேயிடம் இருந்த இன்னொருவர் இவான் பாவ்லொவ். ஏழைப் பையன், சிறுவயதிலேயே செதுக்குப் பட்டறையில் வேலைக்குப் போனவன். பத்திரிகைகளுக்குப் படம் செதுக்கியே வளர்ந்தார். அந்த வேலை வற்றியபோது அவர் பிடித்துக்கொண்டது லினோலியத்தை. தரையில் விரிக்கிற அதே சமாச்சாரம்தான்! மரத்தைவிட மென்மை, பெரிய அளவில் மலிவாகக் கிடைக்கும், நிறத்துக்கு ஒரு துண்டு என்று வைத்து அடிக்கலாம். பழைய மாஸ்கோவின் சந்துகளையும் மரவீடுகளையும் வண்ண லினோகட்டில், அதாவது லினோலியச் செதுக்கில், பதித்து வைத்தார். ருஷ்யாவில் லினோகட்டை நிலைநிறுத்தியவர்களில் அவர் முன்வரிசை. ஒரே ஆசிரியர்தான், ஆனால் இவர் படத்தையும் ஆன்னாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சரி, மாஸ்கோவுக்கு வருவோம். ஃபவோர்ஸ்கி மரச்செதுக்கை எந்தப் பட்டறையிலும் எடுபிடி வேலை செய்து கற்கவில்லை. 1906-இல் ம்யூனிக் போய் ஹங்கேரியரான ஷிமோன் ஹொல்லோஷியிடம் வரைந்தார். திரும்பி வந்து மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தார். உளியைத் தானே பழகிக்கொண்டார். 1920-இல் தொடங்கிய வ்ஹுதெமாஸ் என்ற கலைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1923 முதல் 1926 வரை அதன் தலைவராகவும் இருந்தார். பாதிரியாரும் கணித அறிஞருமான பாவெல் ஃப்ளொரென்ஸ்கியும் அங்கே பாடம் எடுத்தார். எப்படிப்பட்ட வகுப்பாக இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஃபவோர்ஸ்கியின் பாடத்தில் வெள்ளைத் தாள் ‘காலி’ இல்லை, அதுவும் ஒரு வெளி. புத்தகம் என்பது அட்டை, எழுத்து, படம் எல்லாம் சேர்ந்து வாசகர் நடந்து போகும் ஒரு கட்டடம். இதற்குத் தொழில்ரீதியாகவே காரணம் உண்டு. செதுக்கிய மரக்கட்டை ஈய எழுத்தின் உயரத்திலேயே இருக்கும், இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே மையில் அடிக்கலாம். செப்புத் தகட்டுப் படத்துக்கு இந்த வசதி கிடையாது. 1929-இல் அவர் செதுக்கிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் உருவப்படத்தில் உடுத்திய அங்கிக்கு ஒரு திசை, முகத்துக்கு ஒரு திசை, பின்னாலிருக்கும் காற்றுக்கு இன்னொரு திசை என்று கோடுகள் பிரிந்து ஓடுகின்றன. மாத்தே தூக்கிப் பிடித்த அதே குறுக்குவெட்டு மரம்தான். ஆனால் இங்கே கோடு யாருடைய தூரிகையையும் நகலெடுக்கவில்லை.

பிழைப்பு என்று பார்த்தால் மாஸ்கோ வாசல்தான் கெட்டி. சோவியத் பதிப்பகங்கள் புத்தகம் போட்டுக்கொண்டே இருந்தன, படக்காரர்களுக்கு வேலை இருந்தது. அந்த வகுப்பிலிருந்து வந்த கொஞ்சரோவ், பிக்கோவ் போன்றவர்கள் புத்தகத்தை நம்பியே வாழ்ந்தார்கள். ‘வடிவவாதி’ (கருத்தைவிட வடிவத்தையே பெரிதாக நினைப்பவர்) என்று முத்திரை குத்தி ஃபவோர்ஸ்கியையே வகுப்பறையிலிருந்து ஒதுக்கியபோதும், அவரைத் தாங்கியவற்றில் புத்தக வேலை முக்கியமானது. 1962-இல் லெனின் பரிசு கிடைத்ததும் புத்தகப் படங்களுக்குத்தான்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 1920-களில் அவர் மாணவர்கள் செய்த செதுக்குகளைப் புரட்டினால் பெயரை மூடிவிட்டால் ஆள் தெரிவதில்லை. அத்தனையிலும் ஆசிரியரின் வாடை. தப்பித்தவர் தெய்னேக்கா. அவர் போஸ்டருக்கும் பெரிய ஓவியத்துக்கும் போய்விட்டார். மாத்தேயிடம் கொள்கை எதுவும் பெரிதாக இல்லை, கைவேலை இருந்தது. அதனால் மாணவர்கள் கைவேலையை வாங்கிக்கொண்டு தங்கள் வழியில் போனார்கள். நான் மாணவனாக இருந்தால் பீட்டர்ஸ்பர்கில்தான் சேர்ந்திருப்பேன். பசியோடு இருந்திருப்பேன், அது வேறு.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஃபவோர்ஸ்கி, ஆன்னா இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. ஃபவோர்ஸ்கியை சமர்கண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவரும் லினோலியத்தை எடுத்து, கழுதைகளையும் ஒட்டகங்களையும் செதுக்கினார். அவருடைய இரண்டு மகன்களையும் போர் கொண்டுபோனது, மூத்தவன் நிக்கிதா அப்பாவைப் போலவே செதுக்குபவன். ஆன்னா ஜெர்மானிய முற்றுகைக்குள் லெனின்கிராடிலேயே (பீட்டர்ஸ்பர்கின் அப்போதைய பெயர்) இருந்தார், வயது எழுபது. குண்டுச் சத்தம் கொஞ்சம் அடங்கிக் கேட்கும் இடம் என்று குளியலறையைத் தேர்ந்தெடுத்து, முகம் கழுவும் தொட்டிமேல் வரைபலகையைப் போட்டு, அதன்மேல் மைக்கூட்டை வைத்து, புகை கக்கும் சிறு விளக்கில் தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.