டொம்ஜாப்இன்ஃபோவோடு நான்கு வருடம்: 256ஆல் வகுக்கிற வேலை

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு, எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, டொம்ஜாப்இன்ஃபோ கட்டளை காட்டிய திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். ஒரு விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு நகர்த்தும்போது, வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று சொல்லும் கட்டளை அது. “அண்ணா, மெமரி டோட்டல் 64 ஜிபிதான். ஆனா மெமரி ப்ராசஸ்டு 184னு காட்டுது. இவ்ளோ டேட்டா எங்க போகுது?”

நியாயமான கேள்வி. இப்படி நகர்த்துவதுதான் லைவ் மைக்ரேஷன். அதில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரியை நகலெடுக்கிறோம். அனுப்பி முடித்த பக்கத்தில் (மெமரியின் சிறு துண்டு) கெஸ்ட், அதாவது நகரும் அந்த மெஷின், மறுபடி எழுதினால், அதைத் திரும்பவும் அனுப்பியாக வேண்டும். அவன் நகர்த்தியது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடும் மெஷின். இட்டரேஷன் 9, அதாவது ஒன்பதாவது சுற்று. முதல் சுற்றுக்கு 64, அப்புறம் எட்டுச் சுற்றுக்குத் தலா 15. கணக்கு சரிதான்.

அவன் அதுவரை மைக்ரேஷன் கட்டளையின் வெர்போஸ் ஆப்ஷன் காட்டும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது 99 வரை ஏறும், அடுத்த சுற்றில் புதிதாக அழுக்கான, அதாவது மறுபடி எழுதப்பட்ட, பக்கங்கள் சேர்ந்ததும் 76க்கு இறங்கும். மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்துப் போடுகிற சதவீதம் அது. விர்ஷ் என்ற கருவியின் டொம்ஜாப்இன்ஃபோ அப்படியில்லை. எத்தனையாவது சுற்று, வெறும் பூஜ்ஜியமாக இருந்ததால் முழுதாக அனுப்பாமல் விட்ட பக்கங்கள் எத்தனை, எதிர்பார்க்கும் டவுன்டைம் (மெஷின் நிற்கும் நேரம்) எவ்வளவு என்று எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும். நான்கு வருடத்தில் என்னை அதிகம் காப்பாற்றிய கட்டளை இதுதான்.

ஆனால் ஒரு விஷயம் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மைக்ரேஷன் முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்ள இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்: எவ்வளவு வேகமாக அனுப்புகிறோம், எவ்வளவு வேகமாக அழுக்காகிறது. அவன் அனுப்பிய படத்தில் மெமரி பேண்ட்விட்த், அதாவது அனுப்பும் வேகம், விநாடிக்கு 1,050 மெபிபைட். டர்ட்டி ரேட், அதாவது அழுக்காகும் வேகம், விநாடிக்கு 2,80,000 பக்கம். ஒன்று மெபிபைட்டில், இன்னொன்று பக்கத்தில்! பக்கம் ஒன்றுக்கு 4096 பைட், அதாவது ஒரு மெபிபைட்டுக்கு 256 பக்கம். வகுத்தால் ஏறக்குறைய 1,094 மெபிபைட். அனுப்பும் வேகத்தைவிட அதிகம், ஆக இது தானாக முடியப்போவதில்லை. பக்க அளவு அடுத்த வரியிலேயே அச்சாகிறது. அந்த வகுத்தலையும் அதுவே போட்டுக் காட்டக் கூடாதா? மெஷினை ஓட்டும் கியூஎமு பக்கக் கணக்கில் தருவதை, அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் அப்படியே காட்டுகிறது, அது நேர்மைதான். ஆனால் நடுராத்திரியில் முடிவெடுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நேர்மையால் என்ன பயன்? இதில் முதல் சுற்று முடியும்வரை டர்ட்டி ரேட் பூஜ்ஜியம் என்றே நிற்கும். அதைப் பார்த்து நிம்மதியாக டீ குடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆட்டோ-கன்வெர்ஜ் போடலாமா என்று கேட்டான். கெஸ்ட்டின் சிபியுவை முதலில் 20 சதவீதம், அப்புறம் பத்துப் பத்தாக இறுக்கி, எழுதும் வேகத்தைக் குறைக்கிற வழி அது. ஆள் இருக்கும் டேட்டாபேஸில் வேண்டாம் என்றேன். மைக்ரேஷனை ரத்து செய்துவிட்டு, ஒரு மணிக்கு, அந்த மெஷினில் எழுதிக்கொண்டிருந்த பேட்ச் ஜாப் முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். டர்ட்டி ரேட் 20,000, அதாவது 78 மெபிபைட். நான்காவது சுற்றில் போய்ச் சேர்ந்தது.

காலையில் ரிப்போர்ட்டுக்கு எண்கள் எடுக்கலாம் என்று கம்ப்ளீடட் ஆப்ஷனோடு டொம்ஜாப்இன்ஃபோவை ஓட்டினேன். ‘ஜாப் டைப்: நன்’, அதாவது காட்ட எதுவும் இல்லை. தம்பி ராத்திரியே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறான். முடிந்த வேலையின் கணக்கு ஒருமுறை படித்ததும் அழிந்துவிடும், கீப்-கம்ப்ளீடட் கொடுத்தால் மட்டும்தான் தங்கும். மேன்வலில் இருக்கிறது, எனக்கும் தெரியும், அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஆனாலும் படித்ததற்காக ஏன் அழிக்க வேண்டும்? மேலே அவ்வளவு புகழ்ந்திருக்கிறேன். இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால், புதிதாக வருபவர் கையில் இதைத் தனியாகக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.